சுமை இழந்த தசைகள்

நிற்பதை ஒரு வேலை என்று நாம் கருதுவதில்லை. "சும்மா நிற்கிறான்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் சும்மா நிற்பவனுடைய உடம்பில் எத்தனையோ உறுப்புகள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவன் முன்புறம் சாய்ந்து விழாதபடி கெண்டைக்கால் தசைகள் குதிகாலைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கின்றன. முழங்கால் மடங்கிவிடாதபடி தொடையின் முன்புறத் தசைகள் காக்கின்றன. முதுகந்தண்டின் இரு மருங்கிலும் ஓடுகின்ற தசைகள் உடலை நிமிர்த்தி நிறுத்துகின்றன. கழுத்துத் தசைகள் தலையின் பாரத்தைத் தாங்குகின்றன. காலையில் படுக்கையை விட்டு எழுந்தது முதல் இரவு மீண்டும் படுக்கும் வரையில், இத்தசைகள் பூமியின் ஈர்ப்புச் சக்தியோடு மல்லுக்கு நின்ற வண்ணம் இருக்கின்றன.

நம் உடலில் தசைகள் மூன்று வகைப்படும். இதயத்தின் தசை ஒரு வகை. குடல், இரத்தக் குழாய் முதலியவற்றின் சுவர்களில் அமைந்தவை மற்றொரு வகை. எலும்புகளோடு பிணைக்கப்பட்டு, நம் விருப்பப்படி இயங்கி, நம்மை நிற்கவும் நடக்கவும் சுமக்கவும் செய்பவை மூன்றாம் வகை. இவற்றை எலும்புத் தசைகள் என்பர். பூமியோடு ஓயாமல் போராடுபவை இவைதாம். அந்தப் போராட்டம் திடீரென்று நின்றுவிட்டால் இவற்றின் கதி என்ன? எதிரி களத்தை விட்டே அகன்றுவிட்டால், அவனை எதிர்த்து நின்ற படை என்ன ஆகும்? மனிதன் விண்வெளிக்குச் செல்லும் வரையில் இக்கேள்வி வெறும் கற்பனைக் கேள்வியாகவே இருந்தது. அதற்கு விடை கண்ட வரலாறு சுவை மிக்கது. சில இடங்களில் துன்பமும் கலந்தது. அதனை இன்று காண்போம்.

முதலில் எடையின்மை என்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விண்வெளியில் பூமியின் ஈர்ப்பு இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இன்று பூமியைச் சுற்றி வருகின்ற பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. அந்த உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கவே செய்கிறது. அவ்வாறாயின் எடை எங்கே போயிற்று? கிணற்றில் இறக்கிய வாளி ஒன்றினுள் ஒரு கல் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். கயிறு அறுந்துவிட்டால் வாளியும் கல்லும் ஒரே வேகத்தில் விழும். அப்படி விழுகின்ற வரையில் கல் வாளியின் அடியை அழுத்துவதில்லை. வாளியைப் பொறுத்தவரை கல்லுக்கு எடையே இல்லை. பூமியைச் சுற்றும் விண்கலமும் இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கும் ஒரு வாளியே. அது பக்கவாட்டில் மிக விரைந்து செல்வதால் தரையில் மோதாமல் பூமியைச் சுற்றிச் சுற்றி விழுகிறது. அதனுள் இருக்கும் மனிதன் எதன் மீதும் நிற்பதில்லை, எதனையும் தாங்குவதில்லை. அவனுடைய கெண்டைக்கால் தசைக்கு வேலை போய்விடுகிறது.

வேலை இழந்த தசை மெலியும் என்பது விண்கலங்களுக்கு முன்பே மக்கள் அறிந்த செய்தி. கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தால், அந்தக் கால் மற்றக் காலைவிடச் சூம்பிப் போயிருக்கும். இதை விஞ்ஞான முறையில் அளந்து பார்த்தவர்கள் நியூயார்க் நகரத்தில் இருந்த டைட்ரிக், வீடன், ஷோர் என்னும் மூன்று டாக்டர்கள். நல்ல உடல்நலம் வாய்ந்த 4 ஆடவர்களுக்கு, நோய் எதுவும் இல்லாத நிலையிலேயே, இடுப்பு முதல் கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஆறு ஏழு வாரங்கள் படுக்கையில் வைத்தனர். அந்த ஆராய்ச்சியின் முடிவுகள் 1948இல் வெளிவந்தன. படுத்திருந்தவர்களின் கால்கள் மெலிந்தன, பலம் குறைந்தது, உடலிலிருந்து நைட்ரஜனும் சுண்ணாம்புச் சத்தும் நாள்தோறும் வெளியேறிக்கொண்டிருந்தன.

நைட்ரஜன் கணக்கைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். நீரை நீக்கிப் பார்த்தால், தசை பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அப்புரதம் கட்டி முடித்த சுவரைப் போல அப்படியே நிலைத்து நிற்பதன்று. ஒவ்வொரு நாளும் அதில் ஒரு பகுதி சிதைகிறது. ஒரு பகுதி புதிதாக உருவாகிறது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. உண்ணும் உணவில் வருகின்ற நைட்ரஜன் வரவு. கழிவோடு வெளியேறுகின்ற நைட்ரஜன் செலவு. வரவும் செலவும் ஒத்திருந்தால் உடலின் இருப்பு அப்படியே இருக்கும். செலவு மிகுந்தால் உடல் தன் கையிருப்பைக் கரைக்கிறது என்று பொருள். அந்தக் கையிருப்பில் பெரும்பகுதி தசையே. ஒரு மனிதனைத் தொடாமலேயே அவனுடைய தசை கரைவதைக் கண்டுபிடிக்க இக்கணக்கு உதவுகிறது. வீடன் இக்கணக்கைக் கால் நூற்றாண்டுக்குப் பின் விண்வெளி வரையில் கொண்டு சென்றார். அதனைப் பிறகு சொல்கிறேன்.

மனிதன் விண்வெளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில், தசையைப் பற்றிய கவலை முதன்மையானதாக இருக்கவில்லை. எடையற்ற நிலையில் உணவை விழுங்க முடியுமா, இதயம் ஒழுங்காகத் துடிக்குமா, மனம் நிலைகுலையுமா என்பனவே டாக்டர்களின் அச்சங்கள். 1957 நவம்பரில் சோவியத் நாடு அனுப்பிய லைக்கா என்னும் நாய், உயிருள்ள பிராணி எடையின்மையைத் தாங்கும் என்பதைக் காட்டிற்று. ஆயினும் அந்த நாய் திரும்பி வர வழி வைக்கப்படவில்லை. 1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் 108 நிமிடப் பயணத்தில் உண்டும் பருகியும் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கெர்மன் தீத்தோவ் ஒரு நாளுக்கு மேல் பறந்து, பூமியை 17 முறை வலம் வந்தார். அவருக்குக் குமட்டல் வந்தது. ஆனால் அவர் உறங்கினார், உண்டார், நலமாகத் திரும்பினார். பழைய அச்சங்கள் ஒவ்வொன்றாக அகன்றன.

1965 டிசம்பரில் அமெரிக்க வீரர்களான பிராங்க் போர்மன், ஜேம்ஸ் லவல் ஆகிய இருவரும் ஜெமினி 7 என்னும் சிறிய கலத்தில் 14 நாள்கள் பறந்தனர். கடலில் இறங்கிய பின், மீட்புக் கப்பலின் தளத்தில் அவர்கள் தம் கால்களால் நடந்து சென்றனர். இரண்டு வாரம் தாங்கிய உடல் இன்னும் சில நாள்கள் தாங்காதா என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையை அசைத்தது 1970ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூன் முதல் நாள் சோவியத் நாட்டின் சோயுஸ் 9 என்னும் கலம் ஆந்திரியான் நிக்கலாயெவையும் வித்தாலி செவஸ்தியானவையும் ஏந்திப் புறப்பட்டது. நிக்கலாயெவ் புதியவர் அல்லர். 1962இலேயே ஏறக்குறைய 4 நாள்கள் விண்வெளியில் கழித்தவர். இம்முறை இருவரும் 18 நாள்களுக்குச் சற்றே குறைந்த காலம் பறந்தனர். அதற்கு முன் எவரும் அத்தனை நாள் விண்வெளியில் தங்கியதில்லை. ஜூன் 19ஆம் நாள் கலம் தரையில் இறங்கியது. உலகம் ஒரு வெற்றி விழாவை எதிர்பார்த்தது. ஆனால் அந்த வீரர்களால் எழுந்து நிற்க முடியவில்லை. அவர்களைப் பிறர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. தம் உடம்பே தமக்குப் பெரும் பாரமாக அவர்களுக்குத் தோன்றியது. கால்கள் மெலிந்திருந்தன. அவர்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பல நாள்கள் ஆயின.

இதற்குத் தசை மட்டுமே காரணம் அன்று. எடையற்ற நிலையில் இரத்தமும் உடல் நீரும் கால்களை விட்டு மேல்நோக்கிச் செல்கின்றன. விண்வெளி வீரரின் முகம் உப்பியும் கால்கள் ஒடுங்கியும் தோன்றுவது அதனாலேதான். திரும்பி வந்து நிற்கும்போது இரத்தம் மீண்டும் கீழே இறங்க, தலைக்கு ஏறும் இரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. காதினுள் அமைந்த சமநிலை உறுப்பும் தடுமாறுகிறது. இவையெல்லாம் சேர்ந்தே நிக்கலாயெவையும் அவருடைய தோழரையும் வீழ்த்தின. ஆயினும் தசையின் பங்கைப் புறக்கணிக்க இயலவில்லை. அவர்கள் உடற்பயிற்சி செய்யாமல் இருந்தவர்களும் அல்லர். செய்த பயிற்சி போதவில்லை என்பதே உண்மை. எவ்வளவு பயிற்சி வேண்டும், எத்தகைய பயிற்சி வேண்டும் என்ற கேள்வி அன்று பிறந்தது.

அக்கேள்விக்கு முதன்முதலாகச் சீரான விடை தந்தது அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம். 1973 மே மாதத்தில் அது விண்ணில் ஏற்றப்பட்டது. அதில் மும்மூவராக 3 குழுக்கள் தங்கின. முதற்குழு 28 நாள், இரண்டாம் குழு 59 நாள், மூன்றாம் குழு 84 நாள். முதற்குழுவில் ஜோசப் கெர்வின் என்னும் டாக்டரே ஒரு வீரராகச் சென்றார். முன்னே கூறிய வீடன் இங்கே மீண்டும் வருகிறார். வீரர்கள் உண்டது, பருகியது, கழித்தது அனைத்தும் அளக்கப்பட்டன. மாதிரிகள் பூமிக்குக் கொண்டுவரப்பட்டன. மாவுக்கட்டுப் போட்ட நால்வரிடம் கண்ட அதே கணக்கு இங்கும் வந்தது. வானத்தில் மிதந்த வீரர்களும் நாள்தோறும் நைட்ரஜனை இழந்துகொண்டிருந்தனர். மிதப்பதும், தசையைப் பொறுத்த மட்டில், கட்டுப்போட்டுப் படுத்திருப்பதைப் போன்றதே என்பது தெளிவாயிற்று.

பயிற்சிக் கருவிகளின் கதை இதைவிடச் சுவையானது. முதற்குழுவுக்கு ஓடாத சைக்கிள் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வீரர்கள் அதனை மிதித்து வந்தனர். இதயத்துக்கு அது நல்ல பயிற்சியாக இருந்தது. ஆனால் பூமிக்குத் திரும்பியபோது அவர்களுடைய கால்களின் பலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வில்லியம் தார்ன்டன் என்னும் டாக்டர் இதற்குக் காரணத்தைத் தேடினார். அவரும் விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. பூமியில் ஒருவன் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் உடலின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. சைக்கிளை மிதிக்கும்போது அதில் சிறு பகுதியே காலின் மேல் விழுகிறது. ஆயிரம் முறை மிதித்தாலும், அது சிறிய சுமையை ஆயிரம் முறை தூக்குவதே ஆகும். பெரிய சுமையைத் தூக்கும் ஆற்றலை அது காப்பாற்றாது.

இரண்டாம் குழுவுக்குக் கயிற்றை இழுக்கும் கருவியும் சுருள்வில் கருவியும் கூடுதலாகத் தரப்பட்டன. கைகளுக்கு அவை உதவின, கால்களுக்குப் போதவில்லை. மூன்றாம் குழுவுக்காகத் தார்ன்டன் மிக எளிய கருவி ஒன்றை அமைத்தார். வழுக்கும் தன்மை கொண்ட டெஃப்லான் பூசிய ஒரு தகடு. வீரனின் தோளையும் இடுப்பையும் பிணைத்துத் தகட்டை நோக்கி இழுக்கும் ரப்பர் கயிறுகள். அவ்வளவுதான். அந்தக் கயிறுகள், பூமியில் அவனுக்கு உள்ள எடையின் அளவுக்கு அவனைக் கீழே இழுத்தன. காலுறை அணிந்த பாதங்களால் அவன் அதன் மேல் நடந்தான். வழுக்குப் பாறையில் மேட்டை நோக்கி ஏறுவது போன்ற கடும் உழைப்பு அது. கெண்டைக்கால் விரைவில் வலித்தது. ஆனால் பலன் வியப்புக்குரியது. முதற்குழுவைப் போல மும்மடங்கு நாள் தங்கிய மூன்றாம் குழுவினர், முதற்குழுவினரைவிட மிகக் குறைந்த பலத்தையே இழந்து 1974 பிப்ரவரியில் திரும்பினர்.

நாள் கூடக் கூட நலிவும் கூடும் என்று எல்லாரும் அஞ்சிய இடத்தில், நாள் கூடியும் நலிவு குறைந்தது. இந்த ஒரு செய்தியே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். விண்வெளி தசையைத் தின்னும் நஞ்சு அன்று. சுமை இல்லாமையே தசையின் நோய். அந்தச் சுமையை மனிதன் வேறு வழியில் உண்டாக்கிக்கொண்டால், நோயை எதிர்த்து நிற்கலாம்.

தசையினுள்ளே என்ன நிகழ்கிறது என்பதையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். எடையின்மையில் தசை இழைகளின் எண்ணிக்கை குறைவதாகத் தெரியவில்லை. ஒவ்வோர் இழையும் மெலிகிறது. வடக்கயிறு ஒன்றில் புரிகள் எல்லாம் இருக்க, ஒவ்வொரு புரியும் நைந்து நூலாவது போன்றது அது. எல்லாத் தசைகளும் ஒரே அளவில் மெலிவதும் இல்லை. தசை இழைகளில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைப்பின்றி உழைப்பவை உண்டு. விரைவாகச் சுருங்கி விரைவில் களைப்பவையும் உண்டு. நிற்பதற்கும் நிமிர்வதற்கும் உரியவை பெரும்பாலும் மெது இழைகள். கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள சோலியஸ் என்னும் தசை இவ்வகை இழைகள் மிகுந்தது. பூமியில் ஓய்வறியாத அந்தத் தசைதான் விண்வெளியில் முதலில் நலிகிறது. உழைத்துப் பழகியவனுக்கே வேலையின்மை மிகுதியாக உறைக்கிறது போலும்!

வட்டமாகச் சுழலும் கலத்தில் செயற்கையாக எடையை உண்டாக்கலாம் என்று ரஷ்ய அறிஞர் த்ஸியல்கோவ்ஸ்கி விண்கலங்கள் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே எண்ணியிருந்தார். 1977இல் சோவியத் விஞ்ஞானிகள் காஸ்மாஸ் 936 என்னும் செயற்கைக் கோளில் எலிகளை வைத்து அந்த எண்ணத்தைச் சோதித்தனர். சில எலிகள் எடையின்றி மிதந்தன. சில எலிகள் சுழலும் இயந்திரத்தில் பூமியின் அளவே எடையோடு வாழ்ந்தன. சுழன்ற எலிகளின் தசை நலிவு குறைந்திருந்தது. எலிகளும் மனிதரும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள்.

விண்வெளிக்குப் போகாமலே எடையின்மையை ஆராய மற்றொரு வழியும் கிடைத்தது. திரும்பி வந்த சோவியத் வீரர்கள், படுக்கையில் படுத்தால் கால்மாட்டுப் பக்கமாகச் சறுக்கி விழுவது போலத் தோன்றுகிறது என்றனர். அவர்கள் கூற்றிலிருந்து ஒரு முறை பிறந்தது. படுக்கையின் தலைமாட்டை 6 பாகை தாழ்த்தி மனிதர்களை நாள்கணக்கில் படுக்க வைத்தால், எடையின்மையின் விளைவுகள் பல தோன்றுகின்றன. மாஸ்கோ நகரத்து மருத்துவ உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தில் 1986, 1987ஆம் ஆண்டுகளில் தொண்டர்கள் 370 நாள்கள் இவ்வாறு படுத்திருந்தனர். விண்வெளிக்கே செல்லாத அவர்களுடைய பெயர்களை உலகம் அறியாது. ஆனால் விண்வெளி வீரர்கள் நடந்து திரும்பியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

1970களிலும் 1980களிலும் சல்யூத் என்னும் சோவியத் நிலையங்களில் பயிற்சி முறை வாழ்க்கையின் ஓர் அங்கமாயிற்று. ரப்பர் கயிறுகளால் இழுத்துப் பிடித்தபடி ஓடும் பட்டையின் மேல் ஓடுவது, சைக்கிள் மிதிப்பது ஆகியவற்றோடு, பெங்குவின் என்று பெயரிட்ட ஓர் உடையும் வந்தது. அதனுள் தைக்கப்பட்ட மீள்பட்டைகள் உடலைக் குறுக்கி மடக்கப் பார்க்கும். அணிந்தவர் நிமிர்ந்திருக்க வேண்டுமானால் தசைகள் உழைத்தே ஆக வேண்டும். 1984 ஏப்ரலில் சல்யூத் 7 நிலையத்துக்குச் சென்ற நம் நாட்டு ராகேஷ் சர்மா, அங்கே தங்கிய நாள்களில் யோகாசனப் பயிற்சி செய்தார். எடையற்ற நிலையில் உடலைக் காக்க யோகம் எவ்வாறு உதவும் என்று பார்ப்பது அச்சோதனையின் நோக்கம்.

இந்த உழைப்பின் பயனை உலகம் 1995 மார்ச் 22ஆம் நாள் கண்டது. அன்று மிர் நிலையத்திலிருந்து வலேரி பொல்யாகவ் என்னும் டாக்டர் பூமிக்குத் திரும்பினார். அவர் மேலே சென்றது 1994 ஜனவரி 8ஆம் நாள். 437 நாள்கள்! ஒரே பயணத்தில் அத்தனை நாள் தங்கியவர் இன்று வரை வேறு எவரும் இல்லை. செவ்வாய்க் கோளுக்குச் செல்லும் மனிதன் அங்கே போய் இறங்கி வேலை செய்யும் நிலையில் இருப்பானா என்பதைத் தம் உடம்பாலேயே சோதித்துக் காட்ட விரும்பியவர் அவர். கலத்தை விட்டு வெளியே வந்ததும், அருகே இருந்த நாற்காலி வரையில் அவர் தம் கால்களால் நடந்து சென்றார். சில அடித் தொலைவுதான். ஆயினும் 18 நாளில் நிற்க இயலாமல் போன நிக்கலாயெவையும், 437 நாளுக்குப் பின் நடந்த பொல்யாகவையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தச் சில அடிகளை நடக்க மனித குலம் 25 ஆண்டுகள் கற்றது என்பது விளங்கும்.

ஆனால் இதனோடு கதை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நடப்பது ஒன்று, முழு வலிமையோடு இருப்பது வேறு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றனர். அங்கே ஏறக்குறைய 6 மாதம் தங்கிய 9 வீரர்களின் கெண்டைக்கால் தசையை, செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் ஆராய்ந்த முடிவு 2009இல் வெளிவந்தது. அவர்கள் பயிற்சி செய்தே வந்தவர்கள். அப்படியிருந்தும் தசையின் பருமனில் நூற்றுக்கு 13 பங்கும், அதன் உச்ச ஆற்றலில் நூற்றுக்கு 32 பங்கும் குறைந்திருந்தன. பருமனைவிட ஆற்றல் மிகுதியாகக் குறைந்தது என்பது கவனிக்கத் தக்கது. எஞ்சிய தசையும் தன் பழைய திறத்தோடு இல்லை.

குறை எங்கே என்று பார்த்தபோது, மீண்டும் தார்ன்டன் கண்ட உண்மையே முன்னே வந்தது: சுமை போதவில்லை. விண்வெளியில் இரும்புக் குண்டைத் தூக்கிப் பயிற்சி செய்ய முடியாது. அங்கே இரும்புக்கும் எடை இல்லை. ஆகவே 2008 நவம்பரில் புதிய கருவி ஒன்று அனுப்பப்பட்டது. காற்றை வெளியேற்றிய உருளைகளிலிருந்து உந்து தண்டை இழுக்க வேண்டும். அந்த இழுப்புக்கு எழும் எதிர்ப்பே சுமை. ஏறக்குறைய 270 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்கு ஈடான உழைப்பை அது தர வல்லது. முந்திய கருவியின் சுமை இதில் ஏறக்குறையப் பாதியே. இன்று நிலையத்தில் தங்குவோர் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தைப் பயிற்சிக்கென ஒதுக்குகின்றனர். இழப்பு குறைந்திருக்கிறது, முற்றிலும் நின்றுவிடவில்லை.

மருந்தால் இதனைத் தடுக்கலாமா என்றும் முயன்று வருகின்றனர். தசை அளவுக்கு மீறி வளராதபடி கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் என்னும் புரதம் நம் உடலில் உண்டு. அதனை 1997இல் கண்டறிந்தவர்களுள் ஒருவரான சே-ஜின் லீ, 2019 டிசம்பரில் 40 சுண்டெலிகளை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பச் செய்தார். மயோஸ்டாட்டினைத் தடுக்கும் மருந்து பெற்ற எலிகள் தசை இழக்கவில்லை. மருந்து பெறாதவை மெலிந்தன. எலிக்கு உதவியது மனிதனுக்கும் உதவும் என்று உடனே முடிவு கட்ட இயலாது. ஆயினும் இம்மருந்தின் மீது கண் வைத்திருப்போர் விண்வெளி வீரர் மட்டும் அல்லர். பல மாதம் படுக்கையில் கிடக்கும் நோயாளி, தசை நோயால் வாடும் குழந்தை, வயது முதிர்ந்து எழ இயலாமல் தவிக்கும் பாட்டி, இவர்கள் எல்லாருடைய துன்பமும் இதே வகையைச் சேர்ந்தது. விண்வெளி வீரர் 6 மாதத்தில் அடையும் நலிவு, முதுமையில் நம் இல்லங்களில் மெல்ல மெல்ல நடந்துவருவதை ஒத்திருக்கிறது.

2025ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் நம் விமானப்படையைச் சேர்ந்த சுபான்சு சுக்லா விண்வெளிக்குப் புறப்பட்டார். ராகேஷ் சர்மாவுக்கு 41 ஆண்டுகள் கழித்து விண்ணில் பறந்த இந்தியர் அவர். பன்னாட்டு விண்வெளி நிலையத்தினுள் அடி வைத்த முதல் இந்தியரும் அவரே. அங்கே அவர் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று தசையைப் பற்றியது. தசை தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும் ஆற்றல் எடையின்மையில் ஏன் குன்றுகிறது, அதனை ஊட்டப் பொருள்களால் மீட்க முடியுமா என்று காண்பதற்காகப் பெங்களூரில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிலையம் அதனை வகுத்தது. நிலையத்தில் அவர் தங்கியதும் 18 நாள்களே. ஜூலை 15ஆம் நாள் கடலில் இறங்கிய கலத்திலிருந்து, மீட்புக் குழுவினர் கைகொடுக்க, அவர் வெளியே வந்து நின்றார்.

கைகொடுக்க ஆள் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று வரை விண்வெளியிலிருந்து திரும்பியவர்களுள் பெரும்பாலோருக்குக் கீழே யாரோ காத்திருந்தனர். செவ்வாய்க்குச் செல்லும் பயணம் ஒரு வழிக்கே ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். அங்கே இறங்குகின்ற மனிதனைத் தூக்கி நிறுத்த எவரும் இரார். செவ்வாயில் எடை பூமியில் இருப்பதில் நூற்றுக்கு 38 பங்குதான் என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் கதவைத் திறப்பதும், ஏணியில் இறங்குவதும், தவறி விழுந்த தோழனைத் தூக்குவதும் அவனுடைய தசைகளின் பொறுப்பே. பயணத்தின் வெற்றி இராக்கெட்டின் வலிமையால் மட்டும் முடிவாகப் போவதில்லை. அவன் கெண்டைக்காலின் வலிமையும் அதனை முடிவு செய்யும்.

நம்மை ஓயாமல் கீழே இழுக்கும் பூமியைப் பெரும் பாரம் என்று மனிதன் நெடுங்காலம் எண்ணியிருந்தான். அதை உதறிவிட்டுப் பறக்க ஆசைப்பட்டான், பறந்தும் விட்டான். பறந்த பிறகே, அந்தப் பாரம்தான் தன்னை நிமிர்த்தி வைத்திருந்தது என்பதை உணர்ந்தான். தசை தன்னிடம் கேட்கப்படும் அளவே தருகிறது. கேட்காவிட்டால் தன் கையிருப்பையும் கரைத்துவிடுகிறது. செவ்வாயை நோக்கிப் புறப்படப் போகும் வீரர்களுள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் சிலரும் இருக்கக்கூடும். அவர்கள் தம்மோடு கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களின் பட்டியலில் உணவும் நீரும் காற்றும் இருக்கும். அவற்றோடு, பூமியில் எவரும் விலை கொடுத்து வாங்காத சுமையையும் அவர்கள் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும்.